பார்சலில் தெரிந்த ஊர்

1

ஷீபா கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நாங்கள் நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊரில் இருக்கிறோம். வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் கணவர் லாரிப் பட்டறையில் மெக்கானிக். நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எனக்குப் பேச்சும் குறைவு. யாராவது முகத்தைப் பார்த்துக் கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டையில் நின்றுவிடும். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மதுரைச் சாப்பாடு என்று யாராவது ஆரம்பித்துவிட்டால் மட்டும் நான் வேறு ஆள். பரோட்டா மாஸ்டர் மாவை வீசுவதைக் கையால் வீசியே காட்டுவேன். எங்கள் இல்லத்தில் என்னை 'மதுரை' என்றே கூப்பிடும் இரண்டு பேர் உண்டு.

ஷீபா அங்கே நர்ஸ். கோட்டயத்துப் பெண். போன அக்டோபரில் ஒரு நாள் வந்து, ஊருக்குப் போகும்போது கணவரோடு மதுரைக்கும் போகிறேன், எங்கெங்கே சாப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள் சேச்சி என்றாள். சலவைச் சீட்டின் பின்பக்கத்தில் மளமளவென்று எழுதினேன். பரோட்டா சால்னா, கறி தோசை, பணியாரம், பருத்திப்பால், ஜிகர்தண்டா, முள்ளுமுருங்கை அடை, இட்லிக்கு மல்லிச் சட்னி. மொத்தம் ஏழு.

அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, இது பலகாரப் பெயர்தானே, கடை எங்கே என்று கேட்டாள்.

"எல்லா இடத்திலயும் கிடைக்கும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் அன்று முழுக்கத் துணி மடிக்கக் கை ஓடவில்லை. எந்தக் கடை என்று எனக்கு உண்மையாகவே தெரியாது.

2

உங்களில் பெண்கள் யாராவது படித்தால் சட்டென்று புரிந்துவிடும். ஆண்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பழங்காநத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா மில்லில் ஃபிட்டர். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் சனிக்கிழமை, வேலை முடிந்து வரும்போது பார்சல் வாங்கி வருவார். வாழை இலையில் பரோட்டா, அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் நூல். சால்னா தனியாக ஒரு பாலிதீன் பையில் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு வரும். நூலை அறுக்காமல் அவிழ்ப்பது என் வேலை. முடிச்சைப் பார்த்தே இது போன வாரக் கடையா வேறு கடையா என்று சொல்லிவிடுவேன். ஒரு கடை முடிச்சை இழுத்தால் வரும். இன்னொரு கடை முடிச்சுக்குப் பல் வேண்டும்.

இப்படித்தான் மதுரையை நான் சாப்பிட்டேன். கறி தோசை இலையில் வந்தது. பருத்திப்பால் தூக்குவாளியில் வந்தது. ஜிகர்தண்டாகூட ஒரு முறை பிளாஸ்டிக் பையில் கட்டி வந்து பாதி கரைந்து போயிருந்தது. அண்ணன் பதினைந்து வயதில் அப்பாவோடு கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். அம்மாவும் நானும் வீட்டில் தட்டை எடுத்து வைத்துக் காத்திருப்போம். எங்களை யாரும் போகாதே என்று தடுத்ததில்லை. போகலாமா என்று நாங்களும் கேட்டதில்லை. ரோட்டோரக் கடை பெஞ்சில் பெண்பிள்ளை உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் தெருவில் யாருடைய கணக்கிலும் இல்லாத விஷயம், அவ்வளவுதான். கல்யாணம் ஆன புதிதில் 'ஃபேமிலி ரூம்' என்று திரை போட்ட அறை உள்ள ஒரு ஓட்டலில் கணவரோடு சாப்பிட்டேன். திரைக்குள் ஃபேனும் நாங்களும்தான் இருந்தோம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரில் நான் தனியாகப் போய்க் கடையில் உட்காருகிறேன். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் ஒரு சின்ன காப்பிக் கடைக்குப் போவேன். ஒரு காப்பி, சீஸ் ஸ்கோன் என்கிற ஒரு ரொட்டி, கண்ணாடிக்கு வெளியே மழை. அரை மணி நேரம் யாரோடும் பேசாமல் இருப்பேன். கூச்சமே வராது. இங்கே நான் யாருடைய மகள் என்று யாருக்கும் தெரியாதல்லவா.

இதுவரை சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு பிறகு நடந்தது. மகள் தர்ஷினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பிட மாட்டாள். ஒரு வாய் ஊட்ட ஒரு கதை வேண்டும். ராஜா கதை எனக்குத் தெரியாது. அதனால் கடைக் கதை சொன்னேன். அப்பா வந்து சொன்னதையெல்லாம் நானே பார்த்தது மாதிரி மாற்றிச் சொன்னேன். "அம்மா மூலை மேசையில உக்காருவேன். மாஸ்டர் என்னையப் பாத்ததும் கல்லுல டொக்கு டொக்குன்னு கொத்துவாரு" என்று சொல்லிக்கொண்டே ஊட்டினேன். அந்த மூலை மேசையில் உட்கார்ந்து நான் சாப்பிட்ட பரோட்டாவுக்கு அளவே இல்லை.

3

தர்ஷினிக்கு இப்போது பதினெட்டு வயது. டனீடினில் படிக்க இடம் கிடைத்தது. டனீடின் என்றால் இன்னொரு தீவின் தெற்குக் கோடி, விமானத்தில் போக வேண்டிய தூரம். ஏற்கெனவே வீட்டிலேயே அவள் இருப்பது தெரியாது. அறைக்கதவு சாத்தியிருக்கும். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், பதிலும் வர வரச் சுருங்கி ஒரு சொல்லில் வந்து நின்றது.

அன்று என்னை வேலையிலிருந்து கூட்டிப் போக வந்தவளிடம் ஷீபா பட்டியல் கேட்டதைச் சொன்னேன். கடை தெரியவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. கார் ஓட்டிக்கொண்டே அவளே சொன்னாள். டனீடினுக்குப் போகும் முன் மதுரைக்குப் போகலாம், மாமா வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க அவளால் முடியாது, நான் சாப்பிட்ட கடைகளுக்கெல்லாம் அவளைக் கூட்டிப் போக வேண்டும், அந்த மூலை மேசைக்கும்.

இரண்டு மூன்று வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வேன்?

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவருக்குச் சொந்த ஊர் சமயநல்லூர். ஆண்பிள்ளை என்பதால் மதுரையில் உட்காராத பெஞ்சு இல்லை. ரகசியமாக அவரிடம் கடை விவரம் கேட்டேன். அவர் தாளில் படமே போட்டுக் கொடுத்தார். எல்லாம் இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய மதுரை. இந்தத் தியேட்டருக்கு எதிரே, அந்த சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்று இருந்தது. தியேட்டரும் இல்லை, சைக்கிள் ஸ்டாண்டும் இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

மதுரை ஏர்போர்ட்டில் அதிகாரி நான் நிரப்பிக் கொடுத்த அட்டையையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எங்கே தங்குறீங்க என்று நல்ல தமிழில் கேட்டார். எனக்குப் பதற்றத்தில் இங்கிலீஷ் வந்துவிட்டது. அதுவும் தப்புத் தப்பாக. பக்கத்திலிருந்த தர்ஷினி, "மாமா வீட்டுக்குப் போறோம். நீ சாப்பிட்டியா?" என்று அவரைக் கேட்டாள்.

அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் நான் அவளிடம் பேசிய தமிழ். குழந்தையிடம் அம்மா பேசுவது மட்டும்தான் அதில் இருக்கிறது. உலகத்தில் எல்லாரும் அவளுக்கு 'நீ'. அந்த மனிதர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். பிறகு, "இன்னும் இல்லம்மா" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

4

அண்ணன் அதே பழங்காநத்தத்தில்தான் வீடு கட்டியிருக்கிறார். போய்ச் சேர்ந்த அன்று அண்ணன் போனை எடுத்துத் தட்டினார். இருபது நிமிடத்தில் பரோட்டா வந்தது. மறுநாள் காலை தட்டினார், பொங்கல் வந்தது. கொண்டு வந்த ஆள் வாசலிலேயே கொடுத்துவிட்டு முகம் பார்க்கும் முன்னால் போய்விட்டார். இலைக்குப் பதில் டப்பா, நூலுக்குப் பதில் ரப்பர் பேண்டு. மற்றபடி என் சின்ன வயதில் இருந்த வீடுதான் அது.

என் மதினி செல்வி நன்றாகப் பேசுவார். "உங்க அண்ணன் அடுப்பையே வித்துருவாரு சோதி. நான்தான் சுடுதண்ணி வைக்கன்னு வச்சிருக்கேன்" என்று சொன்னார். என் பெயர் ஜோதி. மதினிக்கு எப்போதும் சோதிதான்.

இரண்டாம் நாள் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். தெரிந்தவள் மாதிரி முன்னால் நடந்தேன். கணவரின் தாளை மடித்துக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவ்வப்போது மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது மாதிரி பார்த்துக்கொண்டேன். மாசி வீதி சதுரமாகச் சுற்றி வருகிற வீதி. அதனால் தொலைந்து போக முடியாது, ஆனால் எங்கேயும் போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம். அதைத்தான் செய்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து தர்ஷினி, இந்தப் பித்தளைக் கடையை இப்போது மூன்றாவது முறை பார்க்கிறோம் என்றாள். ரோட்டை மாற்றிவிட்டார்கள் என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் கூட்டம் நின்ற ஒரு கடையில் நின்றுகொண்டே ஜிகர்தண்டா குடித்தோம். நன்றாகத்தான் இருந்தது. "நீ எப்பவும் வர்ற கடை இதுதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பரோட்டாக் கடைக்குப் போக வேண்டும் என்றாள். இதற்கு மேல் ஒத்திப்போட முடியாது. பழங்காநத்தம் மெயின் ரோட்டிலேயே ஒரு கடையைப் பார்த்து வைத்திருந்தேன். கல்லில் புகை, உள்ளே ஆறேழு மேசை, மூலையிலும் ஒரு மேசை காலியாக இருந்தது. படியில் கால் வைத்தேன். உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். யாரும் என்னைப் பார்த்ததாகக்கூட ஞாபகம் இல்லை. கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து, "சொல்லுங்கக்கா" என்றார்.

"பார்சல்" என்றேன்.

நான் சொல்ல நினைத்தது அது இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "எட்டு பரோட்டா, ரெண்டு ஆம்லெட், பார்சல்" என்று முழுசாகவும் சொல்லி முடித்தேன். கட்டிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அந்த மூலை மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கி நடந்தேன். பின்னாலேயே தர்ஷினி வந்தாள்.

5

வீட்டில் பார்சலைப் பிரித்து வைத்தேன். அவள் சாப்பிடவில்லை. மொட்டை மாடிக்கு வரச் சொன்னாள். துணி காயப் போட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன். எந்தக் கடையிலும் உட்கார்ந்ததில்லை, எல்லாம் அப்பா கொண்டுவந்தது, அப்பா சொன்னது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப அந்த மூலை மேசை?"

"அது தாத்தா உக்காந்த மேசை."

அவள் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. ஓகே என்றாள். அந்த ஒற்றைச் சொல்லைத்தான் ஹாமில்டனில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன். விமானத்தில் இத்தனை மணி நேரம் பறந்து வந்து அதையே மறுபடி கேட்டேன்.

மறுநாள் காலை போனில் வண்டி வரவழைத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டில் ஒரு காப்பி ஷாப்புக்குப் போய்விட்டாள். சாயங்காலம்தான் வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். ஹாமில்டன் மாதிரியே இருந்தது என்றாள். அடுத்த நாளும் அங்கேதான் போனாள். ஊருக்குத் திரும்ப ஏழு நாள் இருந்தது. திரும்பிய மூன்றாவது வாரம் அவள் டனீடினுக்குப் போகிறாள். அதற்குப் பிறகு எத்தனை வருடம் கழித்து இப்படி என்னோடு ஒரு அறையில் படுப்பாள் என்று எனக்குத் தெரியாது. பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டே அவள் போய்விடுவாளோ என்ற எண்ணம் மட்டும் எந்த வேலை செய்தாலும் கூடவே இருந்தது.

மதினியிடம் சொன்னேன். மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை.

"நானும் வாக்கப்பட்டு வந்து இருவத்தாறு வருசமாச்சு. அந்தப் பரோட்டாக் கடை மூணு தெரு தள்ளித்தான் இருக்கு. உள்ள செவரு என்ன கலருன்னு எனக்குத் தெரியாது."

"போகணும்னு தோணலையா மதினி?"

"தோணும். உங்க அண்ணன்ட்ட சொன்னா, 'எம்புட்டு வேணும் சொல்லு, ஆர்டர் போடுறேன்'ம்பாரு. என்னமோ நான் பரோட்டாவுக்குத்தான் ஏங்குற மாதிரி."

கீரைக் காம்பை அள்ளி ஓரமாகப் போட்டுவிட்டு எழுந்து முந்தானையை உதறினார். "வண்டிச் சாவிய எடு" என்றார்.

6

மதினியின் ஸ்கூட்டரில் நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் சுற்றினோம். அண்ணனிடம் ஜவுளி எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தோம். மூன்று நாளும் ஜவுளி.

முதல் கடையில் பெரிய வெற்றி என்றே நினைத்தோம். அதே மெயின் ரோட்டுக் கடை. வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது. துணிந்து போய் உட்கார்ந்துவிட்டோம். மதினி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டை ராணி மாதிரி பார்த்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, யாரும் வந்து கேட்கவில்லை. பொம்பளை என்று மதிக்கவில்லையோ என்று மதினிக்குக் கோபம் வர ஆரம்பித்தது. கால் மணி நேரம் கழித்து மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை பார்சல்க்கா?"

"பார்சலா? நாங்க சாப்பிட வந்திருக்கோம்ப்பா."

"சாப்பிடவா? அப்ப உள்ள வாங்கக்கா. இது பார்சலுக்கு நிக்கிறவுங்க பெஞ்சு."

உள்ளே போனோம். சுவர் பச்சைக் கலர். மதினி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஆளுக்கு இரண்டு பரோட்டா. கழுத்துக்குப் பின்னால் ஊரே நின்று பார்ப்பது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் சால்னாவில் மூழ்கியிருந்தார். அதற்கு அடுத்தவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டே சாப்பிட்டார். எங்களைப் பார்த்த ஒரே ஆள் சால்னா வாளிக்காரர்தான். அவரும் இலையைத்தான் பார்த்தார்.

ஒன்றுமே நடக்கவில்லை. நாற்பத்தெட்டு வயது வரை நான் பயந்தது இதற்குத்தான். வெளியே வந்ததும் மதினி, "இம்புட்டுத்தானா?" என்றார். கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்தது அவர் குரலில்.

கல்லிலிருந்து எடுத்து நேராக இலையில் போடும் பரோட்டாவும் கட்டி வருகிற பரோட்டாவும் வேறு வேறு பலகாரம் என்பது அன்று தெரிந்தது. கட்டி வருவது ஆவியில் வெந்து துணி மாதிரி மடங்கும். அதைத்தான் நான் பரோட்டா என்று ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் கீழவாசல் பக்கம் போனோம். நல்ல கடை எது என்று ஒரு ஆட்டோக்காரரைக் கேட்டோம். அவர் எங்கள் சேலையைப் பார்த்து, ஏசி போட்ட பெரிய ஓட்டல் ஒன்றைச் சொன்னார். பூக்கடை அம்மாவைக் கேட்டோம். அவரும் அதையே சொன்னார். அப்போதுதான் மதினிக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்து ஒரு டிராஃபிக் போலீஸ்காரரிடம் போய், "சார், நீங்க காலையில எங்க சாப்பிட்டீக?" என்று கேட்டார். அவர் திகைத்துப்போய், சந்துக்குள் கையைக் காட்டினார். முள்ளுமுருங்கை அடை. எழுதும்போதே நாக்கு ஊறுகிறது.

அதன் பிறகு அதுதான் எங்கள் முறை. இந்த ஊரில் நல்ல கடை எது என்று கேட்டால் பெயர் வாங்கிய கடையைச் சொல்வார்கள், விருந்தாளிக்கு அதுதான் மரியாதை என்று நினைப்பார்கள். இன்றைக்கு நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் உண்மை வந்துவிடும். பேங்க் வாசலில் நிற்கிறவர், பஸ் கண்டக்டர், லோடு இறக்குகிறவர்கள், இவர்களைக் கேட்க வேண்டும். இன்னும் சிலவும் கற்றுக்கொண்டோம். சட்னி வாளி எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று பார்க்க வேண்டும். மாஸ்டருக்குப் போன் பார்க்க நேரம் இருந்தால் அந்தக் கடை வேண்டாம். பருத்திப்பால் தள்ளுவண்டியில் குடித்தால் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்வரை பக்கத்தில் நிற்கிறவர் கதையையும் கேட்க வேண்டியிருக்கும். தெற்குவாசல் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் அப்படி ஒருவர், தன் மருமகனைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். மதினி நடுநடுவே தீர்ப்பும் சொன்னார்.

மூன்றாம் நாள் திருநகர் வரை போய்க் கறி தோசை சாப்பிட்டுவிட்டு வந்தோம். வீட்டு வாசலில் தர்ஷினி நின்றிருந்தாள். ஜவுளிப் பை எங்கே என்று கேட்டாள். மதினி அசராமல், "கலர் புடிக்கலத்தா" என்றார். என் சேலையில் சால்னா கறை இருந்தது. தர்ஷினி அதைப் பார்த்தாள். நான் மறைக்கவில்லை.

"நாளைக்குக் காலையில என்கூட வாரியா?" என்று கேட்டேன். "எனக்கும் கடை தெரியாது. போய்த் தேடணும்."

அவள் தோளைக் குலுக்கினாள். எங்கள் வீட்டில் அதற்கு 'பார்க்கலாம்' என்று அர்த்தம்.

7

வந்தாள். காதில் கம்மல் மாதிரி அந்தப் பாட்டுக் கேட்கிற பொத்தான் இரண்டையும் மாட்டிக்கொண்டுதான் வந்தாள். மதினியை நான் கூப்பிடவில்லை. அவருக்குப் புரிந்தது. மார்கழி முடிகிற நேரம், தெருவெல்லாம் கோலம், மிதிக்காமல் நடக்க வேண்டியிருந்தது.

மதினி கண்டுபிடித்த கேள்வியை வழியில் அவளிடம் சொன்னேன். ஒரு காதுப் பொத்தானைக் கழற்றினாள். கொஞ்ச தூரம் போனதும் ஏடிஎம் வாசலில் காக்கிச் சட்டை போட்டு ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் நேராகப் போய்விட்டாள்.

"தாத்தா, நீ காலையில எங்க சாப்பிட்டே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு. இந்த வயதில் தன்னை இப்படி உரிமையாகக் கேட்க ஆள் வந்திருக்கிறதே என்று எழுந்தே நின்றுவிட்டார். மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்தில், பூட்டின கடை வாசலில், இட்லி விற்கிற அம்மா, நான் சொன்னேன்னு சொல்லு என்றார். அவர் பெயர் என்ன என்று கேட்க மறந்துவிட்டோம்.

அந்த வாசலில் ஒரு தார்ப்பாய், ஒரு அடுப்பு, இட்லிக் கொப்பரை, ஒரு நீளப் பலகை. பலகையில் ஒரு ஆட்டோக்காரர், இரண்டு காய்கறிக்காரப் பெண்கள். கடைக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தட்டில் இலைத் துண்டு போட்டு, நாலு இட்லியும் பச்சையாக மல்லிச் சட்னியும் வைத்து நீட்டினார். நாங்கள் உட்காரப் போன விதத்தைப் பார்த்திருப்பார் போல. பலகையின் நுனியில், யாருக்கோ வைத்த இடத்தில் உட்காருவது மாதிரி ஒண்டிக்கொண்டு இருந்தேன்.

"ஊருக்குப் புதுசா?" என்று கேட்டார்.

நான் பிறந்த வீடு அங்கிருந்து நாலு தெரு. சொல்லியிருக்கலாம். இங்கேதான் பிறந்தேன், எனக்குத் தெரியாத சந்தா என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பொய் ஆகாது. தர்ஷினி இட்லியைப் பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தாள்.

"பொறந்தது இங்கனதான்க்கா" என்றேன். "ஆனா கடையில உக்காந்து சாப்பிடுறது இப்பத்தான். மூணு நாளா."

சொல்லி முடித்ததும் காது சுட்டது. ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

கடைக்கார அம்மா கரண்டியைக் கொப்பரை மேல் வைத்தார். "அட, நான் மட்டும் என்ன? எம் வீட்டுக்காரரு போயி நான் இந்த யாவாரத்துக்கு வந்த பொறவுதான் ரோட்டுல உக்காந்து தின்னேன். அதுவும் யாரு கடை இட்லி? என் கடை இட்லி."

காய்கறிக்காரப் பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், "நாங்களும் இந்தப் பலகைக்கு வந்து ஆறு மாசந்தான்" என்று சொல்லி நகர்ந்து உட்கார்ந்தார். "நல்லாச் சாஞ்சு உக்காரு தாயி, பலகை முறியாது."

நான் உள்ளே தள்ளி உட்கார்ந்தேன். தர்ஷினி இன்னொரு காதிலிருந்த பொத்தானையும் கழற்றிப் பைக்குள் போட்டாள். பிறகு சட்னியைப் பற்றி, கொப்பரையைப் பற்றி, வெள்ளைத் துணி எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். அந்த அம்மாவையும் 'நீ'தான். அவருக்கு அது குறையாகவே தெரியவில்லை. நீ எந்த ஊருத்தா என்று கேட்டார். டனீடின் என்றாள். இன்னும் போய்ச் சேராத ஊர். அது எங்க இருக்கு என்று கேட்டார். ரொம்பத் தூரம் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தத் தூரம் அவளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"எங்க அம்மாவுக்கு இன்னும் ரெண்டு வை" என்றாள். "கேக்க மாட்டாங்க. வெக்கம்."

வைத்தார். தின்றேன்.

எழுந்து கை கழுவும்போது தர்ஷினி அவரிடம், "நாளைக்கும் வருவோம். ரெண்டு பேரும்" என்றாள்.

"ஏழு மணிக்கு முன்னாடி வாங்க. பணியாரம் அதுக்கு மேல நிக்காது."

மறுநாள் யாரோ என் கால் விரலைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணைத் திறந்தேன். மணி ஆறு. தர்ஷினி தலை வாரி, என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் இன்னொரு கையில் எங்கள் இரண்டு பேர் செருப்பும் இருந்தது.